தினமும் ஒரு படம் எடுக்கிறேன். மகள் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்கிறாள்

வாசகர் கேள்விக்குக் குடும்ப நல ஆலோசகரின் பதில்

டெல்டா பக்கத்துச் சிறு ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எட்டுப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 43 வயது. வங்கியில் வேலை. கணவர் உரக்கடை வைத்திருக்கிறார். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள், 9 வயது மகன், கூடவே 74 வயது மாமியார். 2021-இல் வாசகியின் அப்பா இறந்தபோது கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் தேடியிருக்கிறார்கள். கிடைத்தது ஒரு கல்யாண வீட்டுக் குரூப் போட்டோ மட்டும்தான். அதிலிருந்து அப்பாவை வெட்டி எடுத்ததில், பக்கத்தில் நின்றவரின் தோள்பட்டையும் போஸ்டருக்கு வந்துவிட்டது. "அப்பா தினமும் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பு கிள்ளுவார். முப்பது வருஷம் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு படம்கூட எங்களிடம் இல்லை" என்று எழுதுகிறார்.

கருமாதி முடிந்த மறுநாள் இந்தப் பழக்கம் தொடங்கியது. வீட்டில் தினமும் ஒரு படம். விசேஷம் எதுவும் வேண்டாம், சாதாரண நாளே போதும். இப்போது 1,500 படங்களைத் தாண்டிவிட்டதாம்.

போன மாதம் சிக்கல் வந்தது. இரவு படித்துக்கொண்டிருந்த மகள், எண்ணெய் வைத்த தலையோடு புத்தகத்தின் மேலேயே வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டாள். அன்றைய படம் அதுதான். பாசத்தில் அதைக் குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டிருக்கிறார் அம்மா. சித்தி முறையுள்ள ஒருவர் அதை எடுத்து ஸ்டேட்டஸ் வைக்க, டியூஷனில் உடன் படிக்கும் யாரோ அதைப் பார்த்து ஸ்டிக்கராக மாற்றிவிட்டார்கள். மூன்று வாரமாக மகள் அம்மாவிடம் பேசவில்லை. பேசிய ஒரே வாக்கியம்: "என் படம் எல்லாத்தையும் அழி."

இதே நேரத்தில் ஊரிலிருந்து வந்த நாத்தனார், மாமியாரின் படங்களைப் போனில் பார்த்துவிட்டு, "எங்கம்மாவ இப்படியா பிடிச்சு வைப்பீங்க?" என்று அழுதிருக்கிறார். மாமியாருக்குக் கொஞ்ச நாளாக ஞாபகம் தடுமாறுகிறது. தலை கலைந்து, சேலை நழுவி, வாசலையே வெறித்துக்கொண்டிருக்கும் படங்கள் அவை. கணவர் தன் பங்குக்கு, "நீ இந்த வீட்ல இருக்கியா, இல்ல வெளியில நின்னு பாத்துக்கிட்டு இருக்கியா?" என்று கேட்டுவிட்டார்.

வாசகியின் கேள்விகள்: இது ஏதாவது மனநோயா? பெற்றவளுக்குத் தன் பிள்ளையைப் படமெடுக்கும் உரிமைகூடக் கிடையாதா? எல்லாவற்றையும் அழித்துவிட்டால் வீட்டில் அமைதி வருமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது மகள் விஷயம் அல்ல, அந்தத் தோள்பட்டைதான். அப்பாவின் கடைசிப் படத்தில் யாரோ ஒருவரின் சட்டைத் துணி ஒட்டிக்கொண்டு வந்த கோபத்தில் தொடங்கிய பழக்கம் இது. அந்தக் கோபம் நியாயமானது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒரு மனிதர் படத்தில் வருவது வாழ்நாளில் நாலைந்து தடவைதான்: கல்யாணம், காதுகுத்து, ரேஷன் கார்டு, அப்புறம் மாலை போட்ட படம். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஒதுங்கிய பாட்டிகளும் உண்டு. மனிதர் எப்படி உட்காருவார், எப்படிச் சாப்பிடுவார் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லாமல் ஒரு தலைமுறையே போய்விட்டது. அதனால் நீங்கள் செய்வது கிறுக்குத்தனம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் மகளின் கோபமும் நியாயமானதுதான். இரண்டு நியாயங்கள் மோதும்போது யாராவது ஒருவர் தோற்க வேண்டும் என்று நினைப்பதால்தான் 'எடுப்பதா, நிறுத்துவதா' என்ற ஒற்றைக் கேள்வியில் வந்து நிற்கிறீர்கள். கேள்வியே தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

எடுப்பது வேறு, வைத்திருப்பது வேறு, காட்டுவது வேறு

இந்த மூன்றையும் நீங்கள் ஒன்றாகவே நினைத்துவிட்டீர்கள். மகளும் இப்போது அப்படித்தான் நினைக்கிறாள். அதனால்தான் ஒரு படம் வெளியே போனதற்கு நான்கு வருடத்துப் படங்களையும் அழிக்கச் சொல்கிறாள்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் படம் உங்கள் போனிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதிகபட்சம், பத்து வருடம் கழித்து அவளே பார்த்துச் சிரித்திருப்பாள். அவளைக் காயப்படுத்தியது நீங்கள் எடுத்த நொடி இல்லை, அனுப்பிய நொடி. "குடும்ப குரூப்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த குரூப்பில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தீர்களா? சித்தப்பா, பெரியம்மா, சம்பந்தி வீடு, வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்தால் அறுபது எழுபது பேர் சாதாரணமாக இருப்பார்கள். அது வீட்டுக்கூடம் அல்ல, கல்யாண மண்டபம். மண்டபத்தில் மகளை அந்தக் கோலத்தில் தூங்கவிட்டுக் கூட்டத்தைக் கூப்பிட்டுக் காட்டுவீர்களா? மாட்டீர்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், உண்மைதான். அதற்குள் எடுத்த ஸ்கிரீன்ஷாட் மறைவதில்லை.

இந்த மூன்றையும் பிரித்துவிட்டால், உங்கள் பிரச்சினையில் பெரும்பகுதிக்கு அப்போதே வழி தெரிந்துவிடும். காட்டுவதை இன்றே நிறுத்திவிடுங்கள். ஒரு வருடத்துக்கு எந்த குரூப்பிலும் எந்தப் படமும் வேண்டாம். எடுப்பதைச் சில எல்லைகளோடு தொடரலாம். எதை வைத்திருப்பது என்பதை மட்டும் படத்தில் இருப்பவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

இதில் உங்களுக்கும் லாபம் உண்டு. அலிக்ஸாண்ட்ரா பராஷும் சக ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பிறருக்குக் காட்டும் நினைப்போடு படம் எடுத்தவர்கள் அந்த அனுபவத்தைக் குறைவாகவே ரசித்தார்கள். தனக்கென்று வைத்துக்கொள்ள எடுத்தவர்கள் அவர்களைவிட நன்றாக ரசித்தார்கள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கவலை குறுக்கே வந்துவிடுகிறது, அதுதான் காரணம். நீங்களே எழுதியிருக்கிறீர்களே, குரூப்பில் போடத் தொடங்கிய பிறகுதான் 'நல்ல படம்' வேண்டும் என்று இருபது முப்பது எடுத்து இரவில் உட்கார்ந்து பொறுக்குகிறேன் என்று. முதல் வருடத்தில் அப்படி இல்லை அல்லவா?

பெற்றவளின் உரிமை

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் சூடாகவே கேட்டிருக்கிறீர்கள். நான் வழக்கறிஞர் இல்லை, ஆனாலும் பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, சொந்தமாக எடுத்த படம் எடுத்தவருக்கே உரியது. அந்த வகையில் 1,500 படங்களும் உங்களுடையவை. ஆனால் படம் உங்களுடையது என்பதால் முகமும் உங்களுடையது ஆகிவிடாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் ஒருமனதாகச் சொன்னது. 'பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் கிடையாது' என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. தனிநபர் டிஜிட்டல் தரவுகளுக்காக 2023-இல் வந்த சட்டம், வீட்டு உபயோகத்துக்காக ஒருவர் வைத்திருக்கும் தரவுகளைத் தன் வரம்பிலிருந்து விலக்கியிருக்கிறது. ஆக, குடும்ப ஆல்பம் வைத்ததற்காக உங்கள் மேல் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஒருவரின் அந்தரங்க உறுப்புகள் தெரியும்படி, அவர் சம்மதம் இல்லாமல் படம் எடுப்பதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவில் குற்றம். மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பையன் குளிக்கும்போது, அத்தைக்கு உடை மாற்றும்போது போன் கையில் இருக்கவே கூடாது என்று நான் சொல்வது இதனால் மட்டும் அல்ல. இதனாலும்தான்.

சட்டம் இவ்வளவுதான். ஆனால் நீங்கள் கேட்டது சட்டக் கேள்வி இல்லையே. பத்து மாதம் சுமந்து, ராத்திரி முழிச்சு வளர்த்த பிள்ளை, என்னைப் பார்த்து "அழி" என்கிறதே என்பதுதானே வலி? அதற்கு என் பதில்: 16 வயதில் ஒரு பெண் தன் முகத்தைத் தானே கண்ணாடியில் தேடிக்கொண்டிருக்கிறாள். எப்படித் தெரிகிறோம் என்பதைத் தானே தீர்மானிக்க வேண்டும் என்பது அந்த வயதின் மிகப் பெரிய வேலை. ஆறு வயதில் அதே படத்தை எடுத்திருந்தால் அவளே வாங்கிப் பார்த்துக் குதித்திருப்பாள். பிள்ளை மாறிவிட்டாள், உங்கள் கேமரா மாறவில்லை. உங்களை வெறுக்கிறாள் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மகளிடம் எப்படிப் பேசுவது

முதல் வேலை, சித்தியை அழைத்து, அந்தப் படம் அவர் போனில் இருந்தால் நீக்கச் சொல்வது. அவர் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. ஸ்டிக்கர் விஷயத்தை டியூஷன் நடத்துபவரிடம் நீங்கள் நேராகப் போய்ச் சொல்லலாம், ஆனால் மகளைக் கேட்காமல் போகாதீர்கள். "அம்மா வந்து சண்டை போட்டாங்க" என்பது ஸ்டிக்கரைவிடப் பெரிய அவமானமாகிவிடக்கூடும்.

அதன் பிறகு மன்னிப்பு. இங்கேதான் நம் ஊர்ப் பெற்றோர் பெரும்பாலும் சறுக்குகிறோம். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று ஒரு நினைப்பு. கேட்டாலும் பின்னாடியே ஓர் 'ஆனா' வரும். "தப்புதான், ஆனா பாசத்துலதானே போட்டேன்." அந்த 'ஆனா' வந்ததும் அதற்கு முன்னால் சொன்னது எல்லாம் வீண். நீங்கள் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "உன்னைக் கேக்காம உன் படத்த அனுப்பினது தப்பு. இனிமே அனுப்ப மாட்டேன். சித்திகிட்ட எடுக்கச் சொல்லிட்டேன்." அவ்வளவுதான். பதில் எதிர்பார்க்காமல் எழுந்து போய் இட்லிக்கு ஊற வையுங்கள். அன்றே அவள் பேசிவிட மாட்டாள். ஒரு வாரம் ஆகலாம்.

அவள் பேசத் தொடங்கிய பிறகு, அழிப்பது பற்றிப் பேசலாம். மொத்தமாக அழிக்க வேண்டாம் என்பது என் எண்ணம். கோபத்தில் அழித்ததைப் பின்னால் தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். விவாகரத்துக்குப் பிறகு கல்யாண ஆல்பத்தை எரித்த ஒரு பெண், எட்டு வருடம் கழித்து என் முன்னால் உட்கார்ந்து அழுதார். கணவருக்காக இல்லை, அந்த ஆல்பத்தில் மட்டும்தான் அவருடைய அம்மா சிரித்தபடி இருந்தாராம். அதே நேரம், "அழிக்க மாட்டேன், இது என் உழைப்பு" என்று நீங்கள் அடம் பிடித்தாலும் மகளை இழப்பீர்கள்.

நடு வழி ஒன்று இருக்கிறது. அவள் இருக்கும் படங்களைத் தனி ஃபோல்டரில் போட்டுப் போனை அவள் கையில் கொடுங்கள். எது இருக்கலாம், எது போக வேண்டும் என்று அவளே பிரிக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து "ஐயோ, இது நல்லா இருக்குடி" என்று பேரம் பேசாதீர்கள். அவள் போக வேண்டும் என்று சொன்னால் போக வேண்டும். நீங்கள் பயப்படும் அளவுக்கு அழிக்க மாட்டாள் என்பது என் அனுபவம். முடிவு தன் கையில் வந்ததும் பிள்ளைகள் தாராளமாகிவிடுகிறார்கள்.

இனிமேல் எடுப்பதற்குச் சில எல்லைகள் சொல்கிறேன், வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். தூங்குபவரை எடுக்க வேண்டாம். அழுபவரை எடுக்க வேண்டாம். காய்ச்சலில் கிடப்பவரை, குளித்து வருபவரை, திட்டு வாங்கிக்கொண்டிருப்பவரை எடுக்க வேண்டாம். கை காட்டித் தடுத்தால் அதற்கு மேல் "ஒண்ணே ஒண்ணும்மா" என்று கெஞ்சக் கூடாது. இந்த விதி 9 வயதுப் பையனுக்கும் பொருந்தும்.

அத்தையின் படங்கள்

படங்களைவிட எனக்குக் கவலை தருவது, "வயசானா ஞாபகம் போகத்தானே செய்யும்" என்று நீங்கள் ஒரு வரியில் கடந்துபோயிருப்பதுதான். அப்படி விட்டுவிடாதீர்கள். பி12 சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு, மன அழுத்தம் இவற்றாலும் முதியவர்களுக்கு மறதி வரும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். இந்த மாதமே மருத்துவரிடம் காட்டுங்கள். டாக்டரிடம் சொல்வதற்கு உங்கள் படங்களே உதவக்கூடும். எப்போதிருந்து ஒழுங்காகச் சேலை கட்ட முடியவில்லை, எப்போது தலைவாருவதை நிறுத்தினார் என்று தேதியோடு உங்களிடம் இருக்கிறது. அதற்குப் பயன்பட்ட பிறகு அந்தப் படங்களை வைத்திருக்க வேண்டுமா என்பதை உங்கள் நாத்தனாரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். அவர் அழுதது உங்கள் மேல் உள்ள கோபத்தால் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். வருடத்துக்கு இரண்டு முறை வருபவர் நான்கு வருடச் சரிவை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டார். யாராக இருந்தாலும் அழுவார்கள்.

அத்தை தன் சம்மதத்தைச் சொல்ல முடியாத நிலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்டவரை எடுப்பதற்கு ஒரே அளவுகோல்தான்: திடமாக இருந்த காலத்தில் இந்தப் படத்தை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? பல்செட் போடாமல் வாசலுக்கே வர மாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் எதற்கு யோசனை? பல்செட் போட்டு, தலைவாரி, பூ வைத்துவிட்டு எடுங்கள். இல்லையென்றால் அவர் கையை மட்டும் எடுங்கள். முருங்கைக்கீரை உருவும் கை, ஜபமாலை பிடித்த கை. முகம் இல்லாமலே அது அவர்தான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு தவறு மட்டும் செய்யாதீர்கள். படத்தைக் காட்டி, "இது யாரு, சொல்லுங்க பாப்போம்?" என்று கேட்காதீர்கள். பாசமாகத்தான் கேட்கிறோம், ஆனால் அவருக்கு அது பரீட்சை. தெரியவில்லை என்றால் கூனிக் குறுகிவிடுவார். நீங்களே சொல்லித் தொடங்குங்கள்: "இது உங்க தம்பி கல்யாணம், நீங்க பச்சைப் பட்டுல இருக்கீங்க." அப்புறம் அவரே பேசுவார். இதற்கு நேற்றைய படத்தைவிடப் பழைய படமே உதவும். மனிதர்களுக்குப் பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான நினைவுகள் மற்றக் காலத்தைவிட அழுத்தமாகத் தங்குகின்றன. நாத்தனார் வீட்டு பீரோவில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கும், கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே உங்கள் இருவருக்கும் பேச்சு தொடங்கினாலும் நல்லதுதான்.

இது நோயா?

இல்லை என்றுதான் தோன்றுகிறது. கடிதத்தை மட்டும் வைத்து நூறு சதவீதம் சொல்ல முடியாது, ஆனால் நாங்கள் எதைப் பார்ப்போம் என்று சொல்கிறேன். ஒரு பழக்கம் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்குகிறதா, வேலையையும் தூக்கத்தையும் கெடுக்கிறதா, செய்யாவிட்டால் ஏதோ கெட்டது நடந்துவிடும் என்ற பயம் இருக்கிறதா என்பவை முக்கியமான கேள்விகள். உங்களுக்கு இரவில் முக்கால் மணி நேரம் போகிறது. விளிம்பில் நிற்கிறீர்கள். படம் எடுக்காத நாளில் 'மனசு பதறுகிறது' என்கிறீர்கள். ஒரு சோதனை செய்து பாருங்கள். வரும் வாரத்தில் ஒரு நாள், வேண்டுமென்றே எடுக்காமல் படுத்துத் தூங்குங்கள். சின்ன உறுத்தலோடு தூக்கம் வந்துவிட்டால் கவலை இல்லை. தூங்கவே முடியவில்லை, வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்று நெஞ்சு அடைக்கிறது என்றால், அருகில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒருமுறை பேசுங்கள். அப்பாவின் சாவு இன்னும் உள்ளே ஆறாமல் கிடக்கலாம். அப்படியிருந்தால் மருந்து போட வேண்டியது அந்த இடத்துக்கு, கேமராவுக்கு அல்ல.

மறுபக்கமும் உண்டு. தினமும் ஒரு படம் எடுப்பவர்களை வைத்து இங்கிலாந்தில் லிஸ் ப்ரூஸ்டர், ஆண்ட்ரூ காக்ஸ் என்ற இருவர் செய்த ஆய்வு 2018-இல் வந்தது. சிறிய ஆய்வுதான். ஓடிக்கொண்டே இருக்கும் நாளில் ஒரு நிமிடம் நிற்க வைக்கிறது, வேலைக்கு நடுவே வெளியே எட்டிப் பார்க்க வைக்கிறது, தனிமையைக் குறைக்கிறது என்று அதில் பேசியவர்கள் சொன்னார்கள். அதாவது, படத்தைவிட அந்த நிற்பது முக்கியம். நீங்கள் இப்போது நிற்கிறீர்களா, ஓடுகிறீர்களா?

கணவர் சொன்னதில் பாதி

உங்கள் கணவர் சொன்னது முழுக்கச் சரியில்லை, முழுக்கத் தப்பும் இல்லை. கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில் ஓர் ஓரமாக நீங்கள் எழுதிய வரியைத் திரும்பப் படியுங்கள். மகன் தட்டில் கை வைப்பதற்கு முன்னால், "எடுத்துட்டியாம்மா? சாப்பிடலாமா?" என்று கேட்கிறானாம். நீங்கள் இதை வேடிக்கையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேடிக்கையாக இல்லை. சோறு ஆறுகிறது.

ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தின் லிண்டா ஹெங்கெல் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய்ச் சில பொருள்களைப் படமெடுக்கவும், சிலவற்றைச் சும்மா பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படமெடுத்த பொருள்களைத்தான் குறைவாக நினைவு வைத்திருந்தார்கள். வேலையைக் கேமராவிடம் ஒப்படைத்துவிட்டு மனசு நகர்ந்துவிட்டது. இது உங்கள் கணவர் பக்கம். ஆனால் அதே ஆய்வில், பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாகப் பார்த்து எடுத்தவர்களுக்கு ஞாபகம் குறையவில்லை. இது உங்கள் பக்கம். முழுக் கூடத்தையும் இருபது தடவை எடுப்பதற்குப் பதில், ஒன்றை உற்றுப் பார்த்து ஒரே தடவை எடுங்கள். பத்து விநாடி. சரியாக வராவிட்டால் அதுதான் அன்றைய படம். இரவில் பொறுக்கும் வேலையும் போய்விடும்.

இன்னொன்று. தன் விருப்பத்தோடு படமெடுப்பவர்களுக்குக் கண்ணால் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது, காதால் கேட்டது குறைகிறது என்று 2017-இல் வந்த வேறோர் ஆய்வு சொல்கிறது. உங்கள் 1,500 படங்களிலும் ஒரு சத்தம்கூட இல்லை. அதனால் படத்தோடு ஒரு வரி எழுதிவையுங்கள்: அன்று யார் என்ன சொன்னார்கள் என்று, பேச்சு மொழியிலேயே. அப்பா வெற்றிலை கிள்ளும் படம் இல்லை என்று வருந்துகிறீர்கள். கிள்ளும்போது என்ன பேசுவார் என்பது உங்களுக்கு இன்னும் நினைவிருக்கும். ஒரு நோட்டு வாங்கி அதை எழுதுங்கள். அதற்குக் கேமரா வேண்டாம்.

முகங்களுக்கு ஓய்வு கொடுக்கும் நாட்களில் என்ன எடுப்பது என்று கேட்பீர்கள். என் அம்மா இருக்கும் பழைய படம் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. எல்லோரும் விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒருவர் முகத்திலும் ஜீவன் இல்லை. நான் ஒவ்வொரு முறையும் பார்ப்பது மூலையில் பாதி தெரியும் பம்பு ஸ்டவ்வைத்தான். அதன் சத்தம்கூடக் கேட்கிறது. அதனால் வாசலில் கிடக்கும் செருப்புகளை எடுங்கள். மருந்துச் சீட்டு செருகிய காலண்டரை, உரக்கடைக் கணக்கு நோட்டை, மகனின் கிழிந்த பையை எடுங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

விட்டுப்போன இரண்டு நாள்

மகனுக்கு டெங்கு வந்து மருத்துவமனையில் இருந்த இரண்டு நாளும் படம் எடுக்கவில்லை, பிறகு டிஸ்சார்ஜ் காகிதத்தை எடுத்து அந்தத் தேதிகளில் சேர்த்துவிட்டேன், பொய் சொன்ன மாதிரி உறுத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

அமெரிக்காவில் ஜேமி லிவிங்ஸ்டன் என்று ஒருவர் இருந்தார். 1979 மார்ச் 31 முதல், 1997 அக்டோபர் 25-இல் புற்றுநோயால் இறக்கும் வரை, போலராய்டு கேமராவில் நாளுக்கு ஒரு படம் எடுத்தார். கடைசிப் படங்களில் அவரே மருத்துவமனைப் படுக்கையில் இருக்கிறார். பின்னால் நண்பர்கள் அவற்றைத் தொகுத்துக் காட்சிக்கு வைத்தார்கள். மொத்தம் 6,697 படங்கள். நீங்கள் வங்கியில் வேலை செய்பவர், கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் தேதிகளுக்கு நடுவே ஏறக்குறைய 6,780 நாட்கள் வரும். எண்பது சொச்சம் படங்கள் குறைகின்றன. சில தொலைந்திருக்கலாம், சில நாள் எடுக்காமலும் விட்டிருக்கலாம். பார்க்கிறவர்கள் யாரும் அதை எண்ணிக் குறை சொல்வதில்லை.

தட்டணுக்கள் இறங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் கட்டிலருகே உங்கள் கையில் போன் இல்லை என்பது உங்கள் கணவரின் கேள்விக்கும் பதில்தான். அன்று நீங்கள் வெளியே நின்று பார்க்கவில்லை. அந்த இரண்டு தேதிகளையும் காலியாக விட்டுவிடுங்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தை அது எடுத்த நாளுக்கே மாற்றுங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு

1,500 படங்களில் நீங்கள் இருப்பது பதினொன்றில் மட்டும் என்று கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அதிலும் இரண்டில் கண்ணாடியில் தெரியும் பாதி முகம். உங்கள் அப்பாவுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கத்தான் இவ்வளவு உழைக்கிறீர்களா? ஒரு நாள் பிள்ளைகள் தேடும்போது, அம்மா எதிரே இருந்த எல்லாவற்றையும் பார்ப்பார்கள், அம்மாவைத் தவிர.

மகளை இதற்கு உடனே இழுக்காதீர்கள், சமாதானத் தூதுக்கு அவளைப் பயன்படுத்துவது போல ஆகிவிடும். மகனிடம் கொடுங்கள். வாரத்துக்கு ஒரு நாள், அன்றைய படம் அவன் பொறுப்பு. கழுத்து வெட்டுப்படும், விரல் குறுக்கே வரும், நைட்டியோடு அடுப்படியில் நிற்கும்போது பிடித்துவிடுவான். "இரு, தலை வாரிட்டு வரேன்" என்று உங்கள் வாயில் வரும். அந்த நேரத்தில் மகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

படங்களைப் போனில் மட்டும் வைக்காமல் தனி ஹார்டு டிஸ்க் ஒன்றிலும் பதிந்துவையுங்கள். வருடத்துக்குப் பன்னிரண்டு படம் வீதம் பிரிண்ட் போட்டாலே போதும், எவை என்று வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பொறுக்குங்கள்.

மருத்துவர் அத்தையைப் பற்றி என்ன சொன்னார் என்று ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். படம் எதுவும் இணைக்க வேண்டாம்.